முப்பத்து மூன்று ஓம்

எனது மேசை இலாச்சியில் ஒரு புறோச், சேலையிற் குத்தும் அலங்கார ஊசி, இருக்கிறது. பழுதான வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய, மின்னோட்டத்தைக் குறைக்கும் சிறு பாகமான தடையி ஒன்றின் இரு கம்பிக் கால்களையும் வளைத்து, ஓர் ஊசியில் இறுகச் சுற்றிச் செய்தது. அதன் உடலைச் சுற்றிச் செம்மஞ்சள், செம்மஞ்சள், கறுப்பு என்று மூன்று வளையங்கள். சற்றுத் தள்ளிப் பொன்னிறத்தில் நான்காவது. நிறக்குறியீட்டை மனனம் செய்தவர்கள் அதன் மின்தடையை 33 ஓம் என்று உடனே வாசித்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் 33 பேர் இருந்தோம் என்பதையும், அந்தத் தடையி எவருடைய சேலைத் தலைப்பைத் தோளில் பிடித்து வைத்திருந்தது என்பதையும் என்னோடு 1995இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் இரசாயனவியல் ரீச்சர் இவ்வாண்டு மாசி மாதத்தில் காலமானார். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்ததன் முப்பதாவது ஆண்டில் வெளிவரும் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளையினர் கேட்டபோது, பிரார்த்தனை மண்டபத்தையும் நெல்லி மரத்தடியையும் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். எழுத அமர்ந்தால் வேறெதுவும் வரவில்லை. ரீச்சரும் அவருடைய உடுப்புகளுமே வந்து நின்றார்கள்.

1990 ஆனியில் மூண்ட போரோடு வந்த பொருளாதாரத் தடை நாங்கள் உயர்தரம் படிக்கும் வரைக்கும் நீண்டது. புதுத்துணி யானை விலை குதிரை விலை விற்ற அக்காலத்தில், வீடுகள்தோறும் றங்குப் பெட்டிகள் திறக்கப்பட்டன. எங்கள் தாய்மார் பழஞ்சேலைகளை வேறு வழியில்லாமல் உடுத்தார்கள். ரீச்சரோ அவற்றைத் தெரிந்து, சேர்த்து, விளையாடி உடுத்தார். அவருடைய அம்மம்மா 1930களில் தைப்பித்த, தோளிலே கொய்சகம் வைத்துக் கை பொம்மென்று உப்பிய வெள்ளைச் சட்டையை, அவருடைய அம்மா 1960களில் உடுத்த பெரிய பூப்போட்ட நைலெக்ஸ் சேலையோடு அணிந்து வருவார். மறுநாள் அதே சட்டை, நிறம் மங்கிய மணிப்புரிச் சேலையோடு வரும். புள்ளி போட்ட பழைய வொயில் துண்டைக் கொண்டையைச் சுற்றிக் கட்டி, அதன் நுனியைக் காதோரம் பூவாக விரித்திருப்பார். மூன்றாம் மணி அடிக்கும்போது நாங்கள் யன்னலோரம் காத்து நின்றது பாடத்துக்காகவா அல்லது அன்றைய உடுப்புக்காகவா என்று கேட்டால், அவரிடம் படித்த எவராலும் இரண்டையும் பிரித்துப் பதில் சொல்ல முடியாது. ஏனெனில் ஒவ்வொரு துணிக்கும் இரசாயனவியலில் ஒரு பிறந்த ஆண்டு உண்டு என்று எங்களுக்குக் காட்டியவர் அவர்.

மலேரியாக் காய்ச்சலில் இரண்டு கிழமை கிடந்து எழும்பி நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று, மென்னூதா நிறத்தில் ஒரு வொயில் சேலை உடுத்து வந்தார். "பிள்ளை, உமக்காகத்தான் இதை உடுத்தனான்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் 1856 என்று எழுதினார். இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்று, கரிய கழிவு ஒன்றையே கண்டார். குடுவையை அற்ககோலால் கழுவியபோது ஊதா நிறம் பிறந்தது. செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்துதான் வளர்ந்தது. "உங்கட வயசுதான் அவருக்கு" என்று சொல்லி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காய்ச்சலின் கசப்பு நாவில் மிச்சமிருக்கையில் அந்தச் சேலையின் தலைப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு நிறத்துக்குள் ஒரு தவறும் ஒரு நோயும் ஓர் இளைஞனின் விடுமுறைக் காலமும் இருக்க முடியும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

சவர்க்காரம் கிடையாத நாட்களில் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோமே, அந்த வாசம் இன்னமும் என் மூக்கில் இருக்கிறது. வேலியில் காயப் போட்ட உடுப்பை மாடு சப்பிவிடும் என்பதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். ரீச்சருடைய அம்மம்மாவின் வெள்ளைச் சட்டைக்கும் அது நேர்ந்தது. இடது கையின் லேஸ் கரையை ஒரு மாடு மென்று கிழித்துவிட்டது. வேறொருவர் என்றால் அழுதிருப்பார் அல்லது சட்டையைக் கந்தலாக்கியிருப்பார். ரீச்சர் கிழிந்த கரையைச் செந்நூலால், மாட்டின் பல் பட்ட தடம் மறையாதபடி, சின்னச் சின்னத் தையலாகப் பின்னி எடுத்து, அதையே அணிந்து வகுப்புக்கு வந்தார். அன்றைய பாடம் பனம்பழத்திலுள்ள சபோனின் என்ற பொருள் சவர்க்காரம் போல எப்படி நுரைக்கிறது, எங்கள் சுண்ணாம்புக் கற்பாறைக் கிணற்று நீரிலே சவர்க்காரம் ஏன் நுரைக்காமல் திரைந்துபோகிறது என்பதாக இருந்தது. கல்சியம் அயன் கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாகப் படிவதை, தன் கையிலிருந்த சட்டையின் மடிப்பில் படிந்த வெண்பொடியைக் காட்டியே விளக்கினார். எங்களிடம் இரசாயனப் பொருட்கள் இல்லை. அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் காட்டும் பாசிச்சாயத்தாளுக்குப் பதில் செவ்வரத்தம்பூச் சாறுதான். ஆயினும் ஆய்வுகூடம் வெறுமையாக இருந்ததாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. ஆய்வுகூடத்தையே உடுத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வருவார்.

சாயவேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் குடிகளைக் கொண்டு கிண்டுவித்த அந்த வேரை, கரையோரக் கிராமத்திலிருந்து வந்த எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பிடி கொண்டு வந்தாள். பழைய வேட்டித் துண்டொன்றைப் படிகார நீரில் ஊறவைத்து அதிலே காய்ச்சினோம். வெறும் துணி மங்கிய மண்ணிறத்தோடு நின்றுவிட, படிகாரம் ஏறிய துணி செங்கற் சிவப்பாயிற்று. வேரிலுள்ள சாயமான அலிசரின் மூலக்கூறு அலுமினியத்தையும் கல்சியத்தையும் பற்றிக்கொண்டால்தான் நிறம் நூலில் நிற்கும் என்றும், 1868இல் ஜேர்மனியில் கிறேபெயும் லீபர்மானும் அதே அலிசரினை ஆய்வுகூடத்தில் ஆக்கியதன் பின்னர் வேருக்கு விலையில்லாமற் போயிற்று என்றும் ரீச்சர் சொன்னார். ரொறன்ரோவிலுள்ள ஒன்ராறியோ அரச அருங்காட்சியகத்தில் சோழமண்டலக் கரையில் எழுதிய பழைய சீத்தைத் துணிகள் இருக்கின்றன. அவற்றின் சிவப்பு சாயவேர்ச் சிவப்பு. கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைப் பார்த்தபோது, எங்கள் ஆய்வுகூடத்து அலுமினியச் சட்டிதான் நினைவில் கொதித்தது.

நான் எழுதத் தயங்கியது 1994ஆம் ஆண்டு விஞ்ஞானக் கண்காட்சியைப் பற்றி. அம்மாவின் கிழிந்த நைலெக்ஸ் சேலையில், அவர் கொழும்புக் காலிமுகத்திடலில் நின்று எடுத்த பழைய படம் ஒன்றைப் பார்த்து, கை உப்பி இடை சுருக்கிய ஒரு கவுணை நானே கையால் தைத்தேன். நூலெரிப்புச் சோதனை என்னுடைய மேசை: பருத்தி எரிந்தால் கடதாசி வாசம், பட்டு எரிந்தால் மயிர் பொசுங்கும் வாசம், நைலோன் உருண்டு உருகும். துணிகளைப் பற்றிப் பேசுகிறவள் துணியாலும் பேச வேண்டும் என்று நம்பி, வெள்ளைச் சீருடையை வீட்டில் விட்டுவிட்டு அந்தக் கவுணோடு வந்து நின்றேன். பெற்றோரும் மற்றப் பள்ளி மாணவரும் நிறைந்திருந்த மண்டபத்தில், பொறுப்பான ஒருவர் என்னருகே வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "விஞ்ஞானத்துக்கு வந்தனீரோ, கூத்துக்கு வந்தனீரோ?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் கையிலிருந்த சாமணத்தில் பட்டு நூல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அந்த ஒரு நிமிடம் முப்பத்தொரு ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது.

ரீச்சர் என்னைத் தராசு அறைக்குள் கூட்டிச் சென்றார். அவர் எனக்காகப் பரிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கவுணின் தையலை நிதானமாகப் பார்த்து, கை வைத்த விதத்தைத் திருப்பிப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். பிறகு, "உடுப்பிலை பிழையில்லை, பிள்ளை. நைலோனை உடுத்துக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்திலை நிண்டதுதான் பிழை. அது உருகும், உருகித் தோலோடை ஒட்டும். அதை எரிச்சுக் காட்டின உமக்கு அது தெரியாமல் போச்சே" என்றார். மண்டபத்தில் கேட்ட வார்த்தையை விட இதுதான் என்னைக் கூடுதலாகச் சுட்டது. ஆனால் இந்தச் சூட்டில் நான் சிறுமைப்படவில்லை. என் அலங்காரத்தை ஏளனம் செய்யாமல், என் அறிவைத்தான் அவர் கண்டித்தார். தோழி ஒருத்தியின் சீருடையை வாங்கி அணியச் செய்து, தன் தோளிலிருந்த 33 ஓம் புறோச்சைக் கழற்றி என் கழுத்துப்பட்டியிற் குத்திவிட்டு, "போய்ச் சோதனையை முடியும், இதைப் பிறகு தாரும்" என்று அனுப்பினார்.

அந்தப் "பிறகு" வரவில்லை. முதலில் நான் கொடுக்க மறந்தேன். பிறகு அவர் கேட்கட்டும் என்று வைத்திருந்தேன். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி எல்லாரும் நடந்தபோது, அது என் சட்டையின் உட்புறத்தில் குத்தியிருந்தது.

1997இல் நான் கனடாவுக்கு வந்த பிறகு ரீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குத் திரும்பிச் சென்றபோது றங்குப் பெட்டி வீட்டில் இல்லை என்றும், அம்மம்மாவின் சட்டையும் மணிப்புரியும் வொயிலும் அதோடு போயின என்றும், இடம்பெயர்ந்த இரவில் சோற்றுப் பானையைச் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிய நைலெக்ஸ் சேலை ஒன்றே மிஞ்சியது என்றும் எழுதியிருந்தார். புறோச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. நைலோன் பாடத்தின்போது, 1935இல் அமெரிக்க இரசாயனவியலாளர் கறோதேர்ஸ் ஆக்கிய நைலோனிலும் கூறைப்பட்டிலும் இருப்பது, மூலக்கூறுத் துண்டுகளைச் சங்கிலியாகக் கோக்கும் ஒரே ஏமைட்டுப் பிணைப்புத்தான் என்று இரண்டையும் மேசையில் அருகருகே விரித்துக் காட்டிவிட்டு, உலர்ந்த குளிர்நாடுகளில் இருட்டறைக்குள் நைலோனைக் கழற்றினால் தீப்பொறி பறக்குமாம், எங்கள் ஈரக்காற்றில் மின்னேற்றம் கசிந்துவிடுவதால் தான் ஒருநாளும் கண்டதில்லை என்று சொல்லியிருந்தார். கடிதத்தில் கேட்டது இவ்வளவுதான்: "அங்கே அந்தப் பொறி என்ன நிறம் பிள்ளை? பார்த்து எழுதும்."

நான் எழுதவில்லை. பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை, இடையில் வகுப்பு என்றிருந்த காலம் அது. கறுப்புக் குளிரங்கி ஒன்றையே ஐந்து ஆண்டுகள் அணிந்தேன். உடுப்பு என்பது குளிரை மறைப்பதற்கு மட்டும் என்றாகிவிட்டது. புதுவருட வாழ்த்து மட்டை ஒன்று அனுப்பினேன், சுகம் என்று. பொறியைப் பற்றி ஒன்றும் எழுதாததற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஊரை விட்டு வந்தவள் தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டிய ஒரே ஒரு விடயத்தைக்கூடப் பார்க்காமல் இருக்கிறாளே என்ற வெட்கந்தான். நாட்கள் செல்லச் செல்ல அந்த வெட்கம் தடித்தது. தொலைபேசி எளிதான பிறகும் நான் அழைக்கவில்லை.

இப்போது ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பக்டீரியாக்களை வகை பிரிக்கச் செய்யும் கிராம் சாயமேற்றலில் நாள்தோறும் என் கையுறையில் படியும் ஊதா, பேர்க்கினுடைய ஊதாவுக்கு உறவுமுறையானது. வெள்ளை மேலங்கிக்குள் நான் அணிவதெல்லாம், அண்மை ஆண்டுகளாக, கென்சிங்டன் சந்தையின் பழைய உடுப்புக் கடைகளில் தேடி எடுத்தவை. புதிதாக வரும் இளம் பணியாளர்கள் அவற்றின் ஆண்டைக் கேட்பார்கள், நானும் சொல்வேன். சென்ற மார்கழியில் அங்கே 1960களின் நைலோன் கவுண் ஒன்று கிடைத்தது. பெரிய பூக்கள், உப்பிய கை. தைப்பொங்கலுக்கு ரீச்சரை அழைத்துச் சொல்வதென்று முடிவெடுத்துத்தான் அதை வாங்கினேன். பொங்கலன்று அழைக்கவில்லை, அடுத்த ஞாயிறு என்றேன். மாசியில் செய்தி வந்தது.

அவர் கேட்டதை அவர் கற்பித்த ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறேன்.

இடம்: ஸ்காபரோ, எனது படுக்கையறை. காலம்: தை மாதம், இரவு. வெளியே உறைபனி, சூடாக்கி நாள் முழுவதும் ஓடியதால் அறைக்காற்று நன்கு உலர்ந்திருந்தது. உடுப்பு: நைலோன் கவுண், அதன் மேல் அக்ரிலிக் சுவெட்டர். முறை: விளக்கை அணைத்து, யன்னலை மூடி, கண் இருளுக்குப் பழகப் பத்து நிமிடம் இருந்த பின்னர், சுவெட்டரைத் தலைக்கு மேலால் விரைவாகக் கழற்றுதல். அவதானம்: பொரி வெடிப்பது போன்ற ஒலி, இரு துணிகளும் பிரியும் கோட்டின் வழியே பல சிறு பொறிகள். நிறம் நீலம், ஓரத்தில் ஊதா. அது துணியின் நிறமன்று, காற்றிலுள்ள நைதரசனின் நிறம். மூன்று முறை செய்து பார்த்தேன், ரீச்சர். மூன்று முறையும் அதே நிறம்.