பேக்எண்ட் இன்டர்வியூ கிளியர் ஆச்சு: மைக்ரேஷன் கேள்விக்கு எப்படி படிக்கலாம்

நேத்து சாயங்காலம் ஆஃபர் லெட்டர் வந்துருச்சு மக்களே, ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியா தூங்கி எழுந்துட்டு எழுதுறேன். டிஎஸ்ஏ (டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம்) ரவுண்டு பத்தி எல்லாரும் எழுதியாச்சு, அத விட்டுடறேன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது மெஷின் ரவுண்டுல (கம்ப்யூட்டர்ல நேரா கோடு எழுதற ரவுண்டு) வந்த மைக்ரேஷன் கேள்விதான், அதாவது டேட்டாபேஸ் டேபிளோட அமைப்ப மாத்தற கேள்வி. கோர்ஸ்ல எல்லாம் மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட்னு ரெண்டு கமாண்ட் அடிச்சுக் காட்டிட்டு அடுத்த சாப்டருக்கு ஓடிடறாங்க, காசு வாங்கிட்டு இப்படி சொல்லித்தர்றது எனக்கு இன்னும் கோபமா இருக்கு.

கேள்வி இதான். பைதான் ஃப்ரேம்வொர்க் ஜாங்கோ, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். ஆர்டர்ஸ் டேபிள்ல ஸ்டேட்டஸ்னு ஒரு நாட் நல் (காலியா விட முடியாத) ஃபீல்டு சேக்கணும், சர்வர நிறுத்தக் கூடாது, பழைய கோடும் புது கோடும் கொஞ்ச நேரம் சேந்து ஓடும்.

மாடல்ல (டேபிளுக்கான பைதான் கிளாஸ்) டீஃபால்ட் (மதிப்பு தராட்டி தானா போற மதிப்பு) போட்டா முடிஞ்சுதுன்னுதான் தோணும். மைக்ரேஷன் ஃபைல்லயும் ஒரு ஆட்ஃபீல்டு மட்டும்தான் இருக்கும். நான் உடனே எஸ்க்யூஎல்மைக்ரேட் அடிச்சு, டேட்டாபேஸுக்கு நெஜமா என்ன போகப்போகுதுன்னு அவங்களுக்குக் காட்டினேன். ரெண்டு ஆல்டர் டேபிள் (டேபிள் அமைப்ப மாத்தற கமாண்ட்) வரும். முதல்ல டீஃபால்டோட நாட் நல் ஃபீல்டு சேரும், அடுத்த வரியிலயே டிராப் டீஃபால்ட்! ஏன்னா ஜாங்கோ அந்த டீஃபால்ட்ட பைதான் பக்கம்தான் வச்சுக்கும், டேபிள்ல விட்டு வைக்காது. பழைய கோடுக்கு ஸ்டேட்டஸ்னு ஒண்ணு வந்ததே தெரியாது, இன்சர்ட்ல அனுப்பாது, டேபிள்லயும் டீஃபால்ட் இல்ல, அப்போ டிப்ளாய் (புது கோட சர்வர்ல ஏத்தறது) முடியற வரைக்கும் பழைய சர்வருக்குப் போற ஒவ்வொரு ஆர்டரும் நாட் நல் எரர்ல அடிவாங்கும். ஜாங்கோ 5.0 இல்ல அதுக்கு மேலன்னா டிபி_டீஃபால்ட் போடுங்க, அது டீஃபால்ட்ட டேபிள்லயே வச்சுடும். பழசுன்னா முதல்ல நல் அனுமதிச்சு சேத்து, புது கோடு எல்லா சர்வருக்கும் போனப்புறம் பழைய ரோவ நிரப்பி, அடுத்த டிப்ளாய்ல நாட் நல் ஆக்குங்க. இத சொன்னதும் பேச்சே மாறிடுச்சு, அதுக்கப்புறம் கூட வேலை பாக்கறவங்க மாதிரிதான் பேசினாங்க.

அதனால வேற எதையும் படிக்காட்டியும் பரவால்ல, எழுதற ஒவ்வொரு மைக்ரேஷனுக்கும் எஸ்க்யூஎல்ல பாத்துடுங்க. நோட்ஸ் எடுத்து மனப்பாடம் பண்றது எனக்கு எப்பவுமே ஒத்து வராது, கண்ணால பாத்தாதான் நிக்கும்.

லாக்கும் (ஒரு வேலை டேபிள பிடிச்சு வச்சு மத்தத காக்க வைக்கற பூட்டு) அப்படித்தான் படிச்சேன். மூணு டெர்மினல்ல பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரஸுக்கு கமாண்ட் அடிக்கற டூல்) திறங்க. முதல் டெர்மினல்ல பிகின் போட்டு ஒரு செலக்ட் ஓட்டி கமிட் பண்ணாம விடுங்க. ரெண்டாவதுல அதே டேபிளுக்கு ஆல்டர் டேபிள் போடுங்க, காத்துக்கிட்டு நிக்கும். மூணாவதுல ஒரு சாதாரண செலக்ட் போடுங்க, அதுவும் நின்னுடும், ஆல்டருக்குப் பின்னாடி வரிசைல. ஒரு செகண்ட்ல முடிய வேண்டிய மைக்ரேஷன் சைட்டயே படுக்க வைக்கறது இப்படித்தான், லாக்_டைம்அவுட் (லாக்குக்காக இவ்வளவு நேரத்துக்கு மேல காத்திருக்காதன்னு சொல்ற செட்டிங்) எதுக்குன்னு அப்போ தானா புரியும்.

மத்தது வேகமா:

- பெரிய டேபிள்ல இன்டெக்ஸ்னா (தேடல வேகமாக்கறது) கன்கரன்ட்லி, டேபிள்ல எழுதறத நிறுத்தாம போடும். ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள (மொத்தமா நடக்கும், இல்லன்னா மொத்தமா ரத்தாகும்) ஓடாது, அதனால மைக்ரேஷன்ல அட்டாமிக் ஃபால்ஸ் போடணும். பாதில ஃபெயில் ஆனா இன்வேலிட் இன்டெக்ஸ் ஒண்ணு மிச்சம் கிடக்கும், டிராப் பண்ணிட்டு திரும்பப் போடணும்.
- ஃபீல்டு ரீநேம் கேட்டா நேரா ரீநேம் பண்றேன்னு சொல்லாதீங்க. புதுசு சேத்து, ரெண்டுலயும் எழுதி, பழைய டேட்டாவ நிரப்பி, படிக்கறத மாத்தி, கடைசியா பழசத் தூக்கணும், தனித்தனி டிப்ளாய்ல.
- ரன்பைதான்ல (மைக்ரேஷனுக்குள்ள பைதான் கோடு ஓட்டறது) மாடல நேரா இம்போர்ட் பண்ணக் கூடாது, ஆப்ஸ் டாட் கெட்_மாடல்தான். ரிவர்ஸ் ஃபங்ஷன் எழுதலன்னா பின்னாடி வர முடியாது.
- போஸ்ட்கிரஸ் 11லருந்து மாறாத டீஃபால்டோட ஃபீல்டு சேத்தா டேபிள் முழுசா திரும்ப எழுதாது. அதுக்கு முன்னாடி எழுதும்.
- மைஎஸ்க்யூஎல்னா ஆல்டர் ரோல்பேக் ஆகாது, அதாவது பழைய நிலைக்குத் திரும்பாது. மூணு ஆல்டர் இருக்கற மைக்ரேஷன் மூணாவதுல விழுந்தா முதல் ரெண்டும் அப்படியே நிக்கும், அதனால ஒரு ஃபைலுக்கு ஒரு மாற்றம்.

ஸ்பிரிங் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) பக்கம் போறவங்க ஃப்ளைவேங்கற மைக்ரேஷன் டூலோட செக்சம் (ஃபைல் மாறிச்சான்னு கண்டுபிடிக்கற எண்) படிச்சுக்கோங்க. ஏற்கனவே ஓடின ஃபைல்ல ஒரு கமென்ட் மாத்தினாக்கூட வேலிடேட் ஃபெயில் ஆகும், புது வெர்ஷன் ஃபைலாத்தான் எழுதணும்.