விகாரி வருஷம் ஆவணி மாசம்

எங்கள் முதல் இணையதளம் பதினான்கு மாதம் உயிரோடு இருந்தது. முகப்பில் படங்கள் தானாக ஓடும், பின்னால் கடல் அலை அசையும். பழைய போனில் திறந்தால் அலை அசைவதற்குள் டீ ஆறிவிடும். இடத்துக்கும் முகவரிக்கும் வருஷாவருஷம் பணம் கட்ட வேண்டும். அதை நினைவூட்டும் மின்னஞ்சல் அப்போது எங்களோடு இருந்த ஒருவரின் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் வேலை கிடைத்து துபாய்க்குப் போய்விட்டார், அந்த அஞ்சலைத் திறக்கவே இல்லை. ஒருநாள் காலையில் எங்கள் முகவரியில் யாரோ ரம்மி விளம்பரம் போட்டிருந்தார்கள். குற்றம் முழுக்க எங்களுடையதுதான்.

தூத்துக்குடியில் வ.உ.சி.யைத் தெரியாதவர் கிடையாது. துறைமுகத்துக்கு அவர் பெயர், கல்லூரிக்கு அவர் பெயர். ஆனால் அவருடைய கப்பல் கம்பெனிக்குப் பணம் போட்டவர் யார், ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தவர் யார் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றியும், எந்தப் புத்தகத்திலும் வராத சிலரைப் பற்றியும் ஆளுக்கொரு பக்கம் போடுவதுதான் எங்கள் எண்ணம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கணினி படிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, டி.டி.பி. கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, அப்புறம் நான்.

இரண்டாவது முறை மாணவி கறாராகச் சொல்லிவிட்டாள். "ஓடுற படம் கிடையாது, அலை கிடையாது. ஆளுக்கு ஒரு ஹெச்.டி.எம்.எல். கோப்பு, அழகுக்கு ஒரே ஒரு சி.எஸ்.எஸ். கோப்பு. கிட்ஹப் பேஜஸ்னு இணையத்துல ஒரு இலவச இடம் இருக்கு, அதுல போட்டா காசே வேண்டாம் சார்." சார் என்றது ஆசிரியரை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, காசு வேண்டாம் என்பது மட்டும் புரிந்தது. பழைய கட்டுரைகளை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடினோம். பாதிக்கு மேல் கிடைத்தன, படங்கள்தான் அநேகமாகப் போய்விட்டன. கிடைக்காதவை தன்னிடம் இருப்பதாக அண்ணாச்சி சொன்னார். ஏதோ விழா மலருக்காக எப்போதோ அச்சுக்கு அடித்து வைத்த பேஜ்மேக்கர் கோப்புகள்.

அங்கேதான் முதல் முட்டு. எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதை எடுத்து, இப்போது எல்லாக் கணினியிலும் பொதுவான யூனிகோடு முறையில் உள்ள பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், ஏனென்றால் பாமினியில் அரைப்புள்ளிச் சாவிதான் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு மாற்றினோம். தமிழ் வந்துவிட்டது. ஆனால் இடையில் ஆங்கிலத்தில் அடித்திருந்த கப்பல் பெயர்களையும் அது தமிழாக நினைத்து மாற்றிவிட்டது. 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு சுதேசிக் கப்பல்களும் வாயில் நுழையாத எழுத்துக் குவியலாகி நின்றன. அவற்றைக் கையால் மீட்டோம்.

அதைவிடக் கேலி, தேடுபெட்டி. முகப்பில் சின்னதாக ஒன்று வைத்திருந்தோம். 'கொற்கை' என்று அடித்தேன், ஒன்றும் இல்லை என்றது. பக்கத்தைத் திறந்தால் கொற்கை கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு நாள் மண்டையை உடைத்தபிறகுதான் தெரிந்தது, 'கொ'வில் இருக்கும் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். என் போன் அதை ஒரே குறியாக எழுதுகிறது, அந்த மாற்றி மென்பொருள் எழுதியதோ கொம்பு தனி, கால் தனி. பார்ப்பதற்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒரு வரி நிரல் போதும் என்று மாணவி சேர்த்தாள், சரியாகிவிட்டது. 'பௌர்ணமி'க்கு மட்டும் அந்த வரி உதவவில்லை. ஔகாரக் குறிக்குப் பதில் அண்ணாச்சி கொம்பு போட்டு 'ள' எழுத்தையே அடித்திருந்தார். "பாக்க ஒண்ணுபோலத்தான இருக்கு?" என்றார். இருக்கத்தான் செய்தது.

முகவரிகளைத் தமிழில் வைக்க வேண்டும் என்று ஆசிரியர் ஆசைப்பட்டார். உலாவியில் அழகாகத்தான் தெரிந்தது. வாட்ஸப்பில் அனுப்பிப் பார்த்தால் பெயர் இருந்த இடத்தில் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக நாலு வரிக்கு வால் நீண்டது. வைரஸ் என்று நினைத்து என் மாமாவே அதை அழித்துவிட்டார். மனசில்லாமல் ஆங்கில எழுத்துக்கு மாறினோம்.

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக ஒரு வரி கட்டாயம் என்று வைத்துக்கொண்டோம்: 'இது எங்களுக்கு எங்கிருந்து தெரியும்'. ஆசிரியரின் யோசனை. எழுதி வைத்திருந்ததில் கால்வாசியை அந்த வரி தின்றது. சொன்னவர்கள் நிறையப் பேர், எழுதி வைத்தவர்கள் கொஞ்சம் பேர்.

கப்பல் கம்பெனிப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது 1906 அக்டோபர் 16. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் வாங்கியது 8,000 பங்குகள். ஒரு இடத்தில் 'இரண்டு லட்சம் கொடுத்தார்' என்றும் இன்னொரு இடத்தில் '8,000 பங்கு வாங்கினார்' என்றும் இருந்தது. இரண்டில் எது சரி என்று தலையைச் சொறிந்துவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். 8,000 தடவை 25, இரண்டு லட்சம். இரண்டும் ஒன்றேதான். ஆனால் அவர் பெயரை எடுத்த இடமெல்லாம் வேறு வேறு மாதிரி எழுதியிருந்தார்கள், சில இடங்களில் நடுவில் 'ராவுத்தர்' வேறு. ஒன்றைத் தலைப்பில் வைத்து மற்றவற்றையும் கீழே கொடுத்தோம், தேடுகிறவர் எதை அடித்தாலும் வந்து சேரட்டும் என்று. படம் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

மாணவி தேதிகளை வைத்து 'இதே நாளில்' என்று ஒரு மூலை செய்தாள். அக்டோபர் 16க்குக் கப்பல் கம்பெனியும் வந்தது, 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் வந்தது. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சண்டை வந்தது ஆஷ் துரைக்காக. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்ட அதே கலெக்டர் ஆஷ். ஆஷுக்கு ஊருக்குள் நினைவு மண்டபமே நிற்கிறது. "அவனுக்கு என்னத்துக்குப் பக்கம்?" என்றார் அண்ணாச்சி. "மண்டபம் இருக்கே, பிள்ளைகள் அது யாருன்னு கேட்கத்தானே செய்யும்?" என்றேன் நான். கடைசியில் பக்கம் போட்டோம். வாஞ்சிநாதன் பக்கத்துக்கு அதிலிருந்து ஒரு சுட்டி, அங்கிருந்து இதற்கு ஒரு சுட்டி. அண்ணாச்சி அந்த ஒரு பக்கத்தை மட்டும் இன்றுவரை மெய்ப்பு பார்க்கவில்லை.

குரூஸ் பர்னாந்து பக்கம் சுலபமாக முடிந்தது. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் அவர். இன்றைக்கும் குழாயடியில் அவர் பெயரைச் சொல்லும் கிழவிகள் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பக்கம் வேறு. உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டே, அளத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு ராத்திரியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒருவர். எந்த நூலிலும் இல்லை. அவருடைய பேரர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து குடும்பப் பேரேடு ஒன்றை இறக்கினார். கறுப்பு அட்டை, உப்புக்காற்றில் ஓரமெல்லாம் பொரிந்து, தொட்டால் உதிர்கிறது. நடுவில் ஒரு பக்கத்தில் அந்தக் கணக்கரின் பெயர், கீழே 'விகாரி வருஷம் ஆவணி மாசம் 5ந் தேதி ஜனனம்'. மூலையில் கோணலாக 1075.

விகாரி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். மாணவி போனில் தேடினாள், 2019 என்று வந்தது. சிரித்தோம். பின்னால் எண்ணினால் 1959, 1899, 1839. 1959 ஆகாது, அதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். 1839ஐத் தள்ளிவிடலாம் என்றால் அங்கே ஒரு சிக்கல்: எங்கள் பக்கத்து வழக்கப்படி அவருக்கு வைத்தது தாத்தா பெயர். இது கணக்கர் பிறந்ததா, அவருடைய தாத்தா பிறந்ததைப் பிற்பாடு எழுதி வைத்ததா? மூலையில் இருந்த 1075ஐப் பக்க எண் என்று ஒதுக்கியிருந்தோம். அடுத்த பக்கத்தில் 1076 இருக்கிறதா என்று புரட்டினேன், இல்லை. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"எய்யா, இது கொல்லம் ஆண்டுல்லா!"

எங்கள் சீமையில் பழைய பத்திரங்களிலெல்லாம் அந்த ஆண்டுக்கணக்கு உண்டு என்று பின்னால் ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். கொல்லம் ஆண்டு எங்களுக்கு ஆவணியில் பிறக்கிறது. அதோடு 824 கூட்டினால் ஆங்கில வருஷம், தை முதல் வருகிற மாதங்களுக்கு 825. 1075ம் 824ம் 1899. பிறந்தது கணக்கர்தான். பக்கத்தில் '1899 ஆகஸ்ட்' என்று போட்டு, பேரேட்டில் இருந்ததை அப்படியே கீழே கொடுத்தோம். தேதியைத் துல்லியமாக மாற்றப் பஞ்சாங்கம் வேண்டும், அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் எங்கள் கையில் இல்லை. பேரேட்டைப் படமெடுக்கக் காலை ஒன்பது மணி வெயில்தான் சரியாக வந்தது, ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல். நாலு எம்.பி. படத்தை நூற்றைம்பது கே.பி.க்குச் சுருக்கியும் எழுத்து நன்றாகப் படிக்க முடிகிறது.

பக்கம் ஏறியதும் என் போனிலேயே பெரியவரிடம் காட்டினேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். விரலால் பெரிதாக்கிக் கொடுத்தேன். மெதுவாக வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நிறுத்தினார். பள்ளிக்கூடம் சாவடியில் நடந்ததாக எழுதியிருந்தோம், யாரோ சொன்னது. "சாவடியில இல்ல. உப்பு மூட்டை அடுக்குற கொட்டகையில. மழைக்காலத்துல மூட்டை மேலதான் உக்காந்து படிச்சிருக்கு பிள்ளைங்க. எங்க ஐயா சொல்வாக."

அன்று ராத்திரியே மாற்றினோம். 'எங்கிருந்து தெரியும்' வரியில் 'பேரர் சொன்னது' என்று சேர்த்துவிட்டு, தேடுபெட்டியில் 'கொட்டகை' என்று அடித்துப் பார்த்தேன். வந்தது.