வில்லிவாக்கம் பட்டறைக்கு ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர்

பலகையில் ஓட்டை ஓட்டையாக டிசைன் வெட்டும் ஜாலி வேலையை ஒவ்வொரு தடவையும் வெளியே கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் தேதிக்கெல்லாம் காத்திருந்து மாமாவுக்கு வெறுத்துப்போய்விட்டது. கம்ப்யூட்டரில் வரைந்தபடி பலகையை வெட்டும் மெஷின்தான் சிஎன்சி ரவுட்டர். "நீயே ஒண்ணு பண்ணிக் குடுடா" என்றார். இரண்டடிக்கு இரண்டடி வெட்டுப் பரப்பு, சிங்கிள் பேஸில் ஓடணும், பட்டறை மூலையில் அடங்கணும், ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. டிசைன், நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூ, அது ஓடும் தண்டவாளமான லீனியர் ரெயில் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. உயிரை வாங்கியது பிரேம்.

அம்பத்தூர் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் ஸ்கொயர் டியூபில் அடிக்கக் கொடுத்திருந்தேன். எடுக்கப் போன அன்று டேப்பைக் குறுக்காகப் பிடித்தால் ஒரு மூலைவிட்டம் இன்னொன்றைவிட 4 மில்லி அதிகம். "பெயிண்ட் அடிச்சா தெரியாது தம்பி" என்றார் ஓனர். கேட்டுக்கு வேண்டுமானால் சரி! வெல்ட் ஆறும்போது இரும்பு இழுக்கும், ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் கட்டாயம் இழுக்கும். அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. மிச்சப் பணம் வந்தால்தான் பிரேம் வெளியே போகும் என்றார். கொடுத்துத் தொலைத்தேன்.

குட்டி யானை பிடித்து, இரும்பைச் சமமாகச் சீவும் மில்லிங் இடத்துக்குக் கொண்டுபோனால், அங்கே அன்று பராமரிப்பு பவர் கட், 9 முதல் 2 வரை. முந்தின நாள் போனில் "வாங்க சார்" என்றவர் இதை மட்டும் சொல்லவில்லை. வெயிட்டிங் சார்ஜ் தனி. கடைசியில் ரெயில் உட்காரும் இரண்டு பட்டையையும் ஒரே செட்டிங்கில் மில் செய்து வாங்கியதும், கட்டரைச் சுமக்கும் குறுக்குப் பாலம், அதாவது கேன்ட்ரி, ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. நீங்கள் செய்வதாக இருந்தால் மூலைகளை வெல்ட் பண்ணாமல் போல்ட் போடுங்கள், ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்தாவது சரிசெய்துகொள்ளலாம்.

மெஷினை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களை ஓட்ட ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய டிபி6600 டிரைவரில் ஸ்டிக்கர்தான் டிபி6600. மூடியைக் கழற்றினால் உள்ளே டிபி67எஸ்109 சிப். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் மோட்டார் ஸ்டெப் தவறும். வெட்டிய வட்டம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. "எல்லாக் கடையிலும் இதான் சார்" என்றார் கடைக்காரர். திருப்பி எடுக்கவில்லை. டிஎம்542 என்ற வேறு டிரைவருக்கு மாறினேன், தொல்லை விட்டது.

கட்டரைச் சுற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் 24,000 ஆர்பிஎம், அதாவது 400 ஹெர்ட்ஸ். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி பெட்டி எனக்கு வந்தது 50 ஹெர்ட்ஸ் செட்டிங்கில். அதில் அடிப்படை (base) ஃப்ரீக்வென்சியையும் 400 ஆக்காமல் ஓட்டினால் காயில் கருகிவிடும். மேனுவல் முழுக்கச் சீன மொழி. விற்றவரைக் கேட்டால் "யூட்யூப்ல இருக்கும் சார்" என்கிறார்.

அதையும் தாண்டி வந்தால், ஸ்பிண்டில் சுற்ற ஆரம்பித்ததுமே மெஷினை நடத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருள் 'அலாரம் 1' காட்டி நின்றுவிடும். ஓரத்தைத் தொட்டால் மெஷினை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் அழுந்திவிட்டதாம். பக்கத்தில் ஈ எறும்பு இல்லை! சந்தேகப்பட்டு பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டரை வைத்தேன். பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்ட வேண்டிய இடத்தில் எழுபது சொச்சத்தில் தள்ளாடியது. கழற்றிப் பார்த்தால் எர்த் பின்னுக்கு ஒயரே இல்லை. ஸ்பிண்டிலின் மின் இரைச்சல் போக வழியில்லாமல் லிமிட் ஒயரில் ஏறியிருக்கிறது. "முப்பது வருஷமா இப்படித்தான் ஓடுது" என்றார் இடத்தின் ஓனர், பெருமையாக. எலக்ட்ரீஷியனை வைத்து உப்பு, கரி போட்டு எர்த் குழி எடுத்தோம், எங்கள் செலவில். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை விஎஃப்டி பக்கம் எர்த் செய்து, லிமிட் ஒயர்களை வேறு வழியாகக் கொண்டுபோன பிறகு அலாரம் வரவே இல்லை. சென்னை வெயிலுக்குக் குழி காய்ந்துவிடும், அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். பொருள் ஆர்டர் பண்ணும் முன்பே அந்த மீட்டரை ஒருதரம் வைத்துப் பாருங்கள்.

முதல் வேலை 12 மில்லி எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஒன்றில் பூஜை அறைக் கதவுக்கு ஒரு ஜாலி. மாமா ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்து, "இந்தத் தூசியை யாருடா அள்றது?" என்றார். டஸ்ட் கலெக்டர் பட்ஜெட்டில் இல்லை.