லைனருக்குள் வியர்வை
சித்திரை பிறந்தாச்சு. இனி மதியம் லைனரைக் (செயற்கைக் காலுக்குள், மிச்சமுள்ள காலின்மேல் உறைபோல மாட்டும் சிலிகான்) கழற்றினால் அடியில் வியர்வை தண்ணீராகத் தேங்கி நிற்கும். சிலிகானுக்குள் காற்று போகாது, வியர்வைக்கு வெளியேற வழியில்லை, லைனரைச் செயற்கைக் காலோடு பூட்டும் ‘பின்’ (pin) சரியாக மாட்டியிருந்தாலும் நடக்கும்போது கால் உள்ளே வழுக்கி ஏறி இறங்கும், அப்போதே உட்கார்ந்து துடைக்காமல் ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று நடந்தால் சாயங்காலம் கொப்புளம்தான்.

புதிதாகச் செயற்கைக் கால் போட்ட தம்பி ஒருவர் இந்த வியர்வைக்கு என்ன செய்வது என்று கேட்டதால் எழுதுகிறேன். அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பு மருந்து (வாசனை ஸ்பிரே இல்லை) மருந்துக் கடையில் கிடைக்கும். ராத்திரி படுக்கும்போது நன்றாகக் காய்ந்த தோலில் தடவி, காலையில் கழுவித் துடைத்துவிட்டு லைனரைப் போடுங்கள். கீறலோ புண்ணோ இருந்தால் தடவவே தடவாதீர்கள், எரிச்சல் உயிரை எடுக்கும். பவுடர் வீண், வியர்வையில் மாவாகி உரசும். லைனரைத் தினமும் வாசனையில்லாத சோப்பில் கழுவி நிழலில் காயவையுங்கள்.

என் பையில் ஒரு துண்டும் இன்னொரு லைனரும் எப்போதும் இருக்கும். ஆபீஸ் கழிவறையில் ஒற்றைக் காலில் நின்று தடுமாறுவதற்குப் பதில், நாற்காலியிலேயே பேன்ட்டைச் சுருட்டி மாற்றிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் அடங்கவில்லையா, தோல் டாக்டரிடம் வியர்வையைக் குறைக்கும் போடாக்ஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். சில மாதம் தாங்கும், விலைதான் கசக்கும்.