களியக்காவிளைச் சாவடியும் மாமி கேட்ட கேள்வியும்

போன வாரம் ராத்திரி பதினொன்றரை இருக்கும், திருவனந்தபுரத்திலிருந்து வரும்போது கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைச் சாவடியில் நிறுத்தினார்கள். நல்ல மழை. காவலர் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் நின்ற லாரியின் தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், தூக்கும்போதெல்லாம் அதில் தேங்கிய தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் இறங்கியது. ரேஷன் அரிசி கேரளாவுக்குப் போவதும் இறைச்சிக் கழிவு இங்கே கொட்ட வருவதும் இந்த வழியாகத்தானே. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "பைசா பிடுங்கத்தான் நிக்கானுவ" என்றார். காவலருக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த முடிச்சை அவிழ்த்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. இதே ஊர்ச் சாவடியில்தான் 2020 ஜனவரி 8 இரவு, பணியில் இருந்த எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் குடும்பத்துக்கு அரசு 1 கோடி ரூபாய் அறிவித்தது, அது சரிதான். உயிரோடு நிற்கிறவருக்கு என்ன தருகிறோம்? இரண்டாம் நிலைக் காவலரின் அடிப்படைச் சம்பளம் 18,200-ல் தொடங்குகிறது, அங்கிருந்து எஸ்.எஸ்.ஐ. ஆக இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதற்கே 2021-ல்தான் அரசாணை வந்தது. லஞ்சம் வாங்குகிற போலீஸ் இல்லையா என்றால், இருக்கிறார்கள், பிடித்து உள்ளே போடுங்கள். அதற்காக மழையில் நனைகிற மனிதரைத் திட்டுவது என்ன நியாயம்?

பட்டாளக்காரருக்காவது எங்கள் ஊரில் மரியாதை உண்டு. ஆனால் அதிலும் ஒரு கணக்கு உதைக்கிறது. என் மாமி மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் 2007-ல் சேர்ந்தவர்கள், இவன் சி.ஆர்.பி.எஃப். என்கிற மத்திய ரிசர்வ் போலீஸ், அவன் ராணுவம். இரண்டு பேரும் காஷ்மீரில் வருஷக்கணக்காகக் கிடந்தார்கள். ராணுவச் சிப்பாய்க்கு மாதம் 5,200 ரூபாய் ராணுவப் பணி ஊதியம் தனியாக உண்டு, பழைய ஓய்வூதியமும் உண்டு. அது அவனுக்கு நியாயமாகச் சேரவேண்டியது, அதில் கைவைக்கச் சொல்லவில்லை. சி.ஆர்.பி.எஃப்.பில் அந்த ஊதியம் கிடையாது, 2004-க்குப் பிறகு சேர்ந்ததால் பழைய ஓய்வூதியமும் இல்லை. பழைய ஓய்வூதியம் தரவேண்டும் என்று 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

பக்கத்து வீட்டுப் பையன் பணி முடித்து வந்து வீட்டுக்கு மேல்மாடி எடுக்கிறான். அதைப் பார்த்துவிட்டு வந்த மாமி, தன் மகனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று என்னிடம் கேட்டாள். இது வேறு அமைச்சகம், அது வேறு அமைச்சகம், வழக்கு நடக்கிறது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அங்க உள்ள பனி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே மக்களே?" என்றாள்.