ஜி.எச்சில் டோக்கனைவிடக் கிழமை முக்கியம்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட் என்று ஒன்று பொதுவாகக் கிடையாது. போன் போட்டு நேரம் வாங்க முடியாது, வாங்க வேண்டியதும் இல்லை. காலையில் போய் ஓபி சீட்டு போட்டால் அன்றைக்கே யாராவது ஒரு டாக்டர் பார்த்துவிடுவார். காசும் கிடையாது. அப்படியிருந்தும் பெரிய ஜி.எச்சில், அதாவது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஒரு முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் பார்த்து, மருந்து முடிவாக மூன்று நான்கு வாரம் ஓடிவிடுகிறது. வரிசை நீளம் என்று எல்லோரும் குறைபடுவார்கள். வரிசை தின்பது ஒரு காலை நேரத்தை. வாரக்கணக்கில் தின்பது தப்பான கிழமை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பு, மகப்பேறு போன்ற பெரிய துறைகளெல்லாம் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. டாக்டர்கள் (மேற்படிப்பு படிப்பவர்கள்), ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்). ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஓபி. மற்ற நாட்களில் அவர்கள் வார்டிலும் தியேட்டரிலும் இருப்பார்கள். நீங்கள் முதல் முறை போன நாளில் எந்த யூனிட் உட்கார்ந்திருந்ததோ, அந்த வியாதிக்கு அதுதான் உங்கள் யூனிட். செவ்வாய்க்கிழமை போனவர் செவ்வாய்க்கிழமை யூனிட்டின் நோயாளி. அடுத்து எப்போது போனாலும் அவருக்குச் செவ்வாய்தான்.

இதில் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. புதன்கிழமை போனாலும் கவுன்டரில் சீட்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சீட்டு அடிப்பது மட்டும்தான் கவுன்டரின் வேலை, யூனிட் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. அந்தச் சீட்டோடு ஒன்றரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்து, முறை வந்து உள்ளே போய் பழைய சீட்டை நீட்டினால், "இது எங்க யூனிட் இல்லைம்மா, நீங்க செவ்வாய்க்கிழமை வாங்க" என்று பதில் வரும். ஓரிருவர் மனம் இரங்கிப் பார்ப்பார்கள், ஆனால் பார்த்துவிட்டு "உங்க யூனிட்லயே காட்டுங்க" என்றுதான் எழுதுவார்கள். ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ முடிவெடுக்க வேண்டிய சீஃப் வேறு ஒருவர் என்பதால் அவர்களும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே முதல் நாளை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. எந்தக் கிழமை வேலைக்கு லீவு போட முடியும், கூட வர ஆள் எந்தக் கிழமை கிடைப்பார் என்று பார்த்து, அந்தக் கிழமையில் முதல் சீட்டைப் போடுங்கள். திங்கள்கிழமை வேண்டாம். ஞாயிறு தேங்கிய கூட்டமும் சேர்ந்து வரும், அத்தோடு வருடத்தில் சில திங்கள்கள் விடுமுறையில் விழும். இதயம், நரம்பு, சிறுநீரகம், குடல் போன்ற ஸ்பெஷாலிட்டி துறைகளில் இன்னும் கறார்: புது கேஸ் பார்க்கும் நாள் வேறு, ரிவ்யூ நாள் வேறு. அறை வாசலில் பலகை இருக்கும், அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை பழசாகவும் இருக்கலாம். சீட்டு வாங்கும் முன்பே வாசலில் இருக்கும் சிஸ்டரிடம் "சிஸ்டர், புது கேஸ் இன்னிக்கு பார்ப்பாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவருக்குத் தெரிந்த அளவு மருத்துவமனையில் வேறு யாருக்கும் தெரியாது.

சீட்டு பெரும்பாலான இடங்களில் காலை ஏழரை, எட்டுக்கு ஆரம்பிக்கும். டாக்டர்கள் வந்து உட்காரவே எட்டரை ஒன்பது ஆகும். பதினொன்றரை, பன்னிரண்டோடு சீட்டு நின்றுவிடும். ஆறு மணிக்கே போய் நிற்பவர்கள் கவுன்டர் வரிசையில் முந்துகிறார்கள், டாக்டர் அறை வாசலில் எல்லோரோடும் சேர்ந்துதான் காத்திருக்கிறார்கள். எட்டு மணிக்குக் கையில் சீட்டு இருந்தால் போதும். பத்தரைக்குப் போனால் டாக்டரைப் பார்த்துவிடலாம், ஆனால் அவர் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அன்று ரத்தம் எடுத்திருக்க மாட்டார்கள். லேப் கலெக்‌ஷன் அதற்குள் முடிந்திருக்கும்.

இப்போது பல மருத்துவமனைகளில் கியூஆர் கோட் ஒட்டியிருக்கிறார்கள். ஆபா (ABHA) என்ற அரசின் சுகாதார அடையாள எண்ணுக்கான ஆப்பில் அதை ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் கவுன்டருக்குப் போய், போனில் ஒரு டோக்கன் எண் வரும். 2022 அக்டோபரில் தேசிய சுகாதார ஆணையம் கொண்டுவந்த ஏற்பாடு இது. கவுன்டரில் பெயர், ஊர் சொல்லி எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்கும் நேரம் மிச்சம். ஆனால் அது பதிவு வரிசைக்கான டோக்கன், டாக்டர் அறை வரிசைக்கு அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு அறை வாசலில் போனைக் காட்டிச் சண்டை போடுபவர்கள் உண்டு. இன்னொன்று, 14 இலக்க ஆபா எண்ணை வீட்டிலிருந்தே உருவாக்கிக்கொண்டு போங்கள். ஆதாரோடு இணைந்த போனுக்குத்தான் ஓடிபி வரும். வயதானவர்களின் ஆதாரில் எப்போதோ தூக்கிப்போட்ட சிம் எண் இருக்கும், அது மருத்துவமனை வாசலில் வைத்துத்தான் தெரியவரும்.

கவுன்டரில் இருப்பவர் "என்ன பண்ணுது?" என்று கேட்பார். நீங்கள் சொல்லும் இரண்டு வார்த்தையை வைத்து மூன்று விநாடியில் துறையை அடித்துவிடுவார். "கால் வலி" என்றால் எலும்புப் பிரிவு. சர்க்கரை இருக்கிறவருக்குக் காலில் ஆறாத புண் இருந்து, அவரும் "கால் வலி" என்றே சொன்னால் அவரும் எலும்புப் பிரிவுக்குப் போவார். அங்கே பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு எழுதுவார்கள், அதற்குள் அங்கே சீட்டு வாங்குவது நின்றிருக்கும். "சுகர் இருக்கு, காலில் புண், பதினைந்து நாளா ஆறலை" என்று சொல்ல வேண்டும். தலைசுற்றலும் இப்படித்தான். காதில் இரைச்சலோடு சுற்றினால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதைவிடப் பத்திரமான வழி ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டுவது. பலருக்கு இது பிடிக்காது, நேராகப் பெரிய டாக்டரிடம் போகத்தான் நினைப்பார்கள். ஆனால் அங்கே இருக்கும் மருத்துவ அலுவலர் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டில் துறையின் பெயர் இருக்கும், இதுவரை கொடுத்த மருந்து இருக்கும், பி.பி., சுகர் அளவு இருக்கும். கவுன்டர்காரரின் மூன்று விநாடி முடிவுக்கு வேலை இல்லாமல் போகும். சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீர், கிரியாட்டினின் போன்ற அடிப்படைப் பரிசோதனைகளை அங்கேயே பார்த்துக்கொண்டால் ஜி.எச்சில் ஒரு வாரம் மிச்சம்.

ஒரு வாரம் எப்படி மிச்சம் என்றால், பெரிய ஜி.எச்சில் காலையில் கொடுத்த ரத்தத்தின் ரிசல்ட் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் கைக்கு வரும். அப்போது ஓபி அறை பூட்டியிருக்கும். மறுநாள் வேறு யூனிட். அதனால் ஒரு காகிதத்தைக் காட்டுவதற்காகவே அடுத்த செவ்வாய்க்கிழமை வர வேண்டும். வந்தால் "சாப்பிட்டுட்டு கொடுத்தீங்களா? வெறும் வயித்துல பார்த்துட்டு வாங்க" என்று திருப்பினால் இன்னொரு செவ்வாய். முதல் நாளே வெறும் வயிற்றோடு, டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம். பி.பி. மாத்திரையை வழக்கம்போலத் தண்ணீரோடு போடலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்களைக் கேஷுவாலிட்டிக்குத் தூக்கிப் போவது அங்கே புதிதல்ல.

ஆபரேஷனுக்கு முடிவானவர்களின் பாடு தனி. ஹெர்னியாவுக்குத் தேதி கேட்டுப் போன அறுபது வயதுக்காரருக்கு சீட்டில் "கார்டியோ ஒப்பீனியன்", "அனஸ்தீஷியா ஃபிட்னஸ்" என்று எழுதிவிடுவார்கள், அதாவது இதய டாக்டரின் கருத்தும், உடம்பு மயக்க மருந்தைத் தாங்கும் என்ற மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதலும் வேண்டும். கார்டியோவில் ஈசிஜி இல்லாமல் பார்க்க மாட்டார்கள், எக்கோ (இதய ஸ்கேன்) எழுதினால் அதற்கு ஒரு தேதி. அனஸ்தீஷியா டாக்டர் ரத்தம், மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி, கார்டியோ எழுதியது நான்கும் சேர்ந்து இருந்தால்தான் கையெழுத்துப் போடுவார். எனவே எட்டு மணிக்கு முதலில் ரத்தம், அடுத்து எக்ஸ்ரேயும் ஈசிஜியும், பத்து மணிக்குள் கார்டியோ ஓபி, கடைசியில் அனஸ்தீஷியா. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு வாசலிலும் "அதைக் கொண்டு வாங்க" என்றுதான் கேட்க நேரும். ரத்த ரிசல்ட் மதியம்தான் வரும் என்பதால் அனஸ்தீஷியா எப்படியும் அடுத்த நாளுக்குத் தள்ளும், அதற்காக மற்ற மூன்றையும் தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்கேன் படிவத்தை எழுதுபவர் பி.ஜி. டாக்டராக இருப்பார். அதில் உதவிப் பேராசிரியர் அல்லது சீஃபின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று அறையை விட்டு வெளியே வருமுன்பே பாருங்கள். முத்திரை இல்லாத படிவத்தோடு ஸ்கேன் பிரிவுக்குப் போய், மறுபடி ஓபிக்கு ஏறி வருவதற்குள் சீஃப் ரவுண்ட்ஸ் போயிருப்பார். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. என்றால் கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இல்லாமல் படுக்க வைக்க மாட்டார்கள், சிறுநீரகம் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். எம்.ஆர்.ஐ. என்றால் உடம்புக்குள் பேஸ்மேக்கரோ பழைய ஆபரேஷனில் வைத்த கம்பியோ இருக்கிறதா என்று தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும், எடுக்கிற நாளில் அல்ல.

சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்பது அரசு மருத்துவமனைகளில் பல வருடமாக இருந்துவரும் கட்டணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் வாங்கினால் கட்ட வேண்டியதில்லை. 2012 ஜனவரியில் தொடங்கிய திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம், வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே தேறாத விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பெயர்த் தகராறுதான்: ரேஷன் கார்டில் "செல்வி", ஆதாரில் "தமிழ்ச்செல்வி". கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரைப் புகுந்த வீட்டு ரேஷன் கார்டில் சேர்க்காமலே வருடங்கள் ஓடியிருக்கும். அட்டையை உடம்பு சரியில்லாமல் படுத்த பிறகு வாங்க ஓடுவதுதான் வழக்கம், நன்றாக இருக்கும்போதே வாங்கி வைக்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

பி.பி., சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் பெரிய ஜி.எச். வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். அவர்கள் நிற்கவே தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும், இல்லாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். ஜி.எச். டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி அங்கே பெயரைப் பதிந்துகொண்டால் போதும். டோஸ் மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் யூனிட் நாளில் போகலாம்.

நெஞ்சு அடைப்பது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, வாய் கோணுவது, மூச்சு முட்டுவது, இவற்றுக்கு ஓபி சீட்டே கூடாது. 108, அல்லது நேராகக் கேஷுவாலிட்டி, ராத்திரி பகல் கணக்கில்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கெடு, கை விழுந்ததை நாம் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. காலையில் வரிசையில் நின்று காட்டிக்கொள்ளலாம் என்று இரவெல்லாம் காத்திருந்தால் அந்த ஊசிக்கு வழி இருக்காது.

சக்கர நாற்காலி தள்ளவும் வரிசையைத் தாண்டவும் கையை நீட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நூறு இருநூறைக் கொடுத்தால் கவுன்டர் வரிசை குறையும், யூனிட் நாள் மாறாது. கொடுத்தவர்களும் செவ்வாய்க்கிழமைதான் திரும்பி வருகிறார்கள். உண்மையாகவே முட்டுக்கட்டை என்றால் ஆர்.எம்.ஓ. அறைக்குப் போங்கள், அதாவது நிலைய மருத்துவ அலுவலர். அங்கும் கதவு திறக்காவிட்டால் அரசின் சுகாதார உதவி எண் 104.

பார்க்கிற டாக்டர் வாரத்துக்கு வாரம் மாறுவார். ஹவுஸ் சர்ஜன்களுக்குப் போஸ்டிங் மாறும், பி.ஜி.க்குப் பரீட்சை வரும். போன தடவை என்ன நடந்தது என்பதை நினைவு வைத்திருப்பது உங்கள் கையில் இருக்கும் சீட்டு மட்டும்தான். மடித்து ஜாக்கெட்டில் செருகாமல், வியர்வை படாமல், ஒரு பிளாஸ்டிக் கவரில் தேதி வாரியாக வையுங்கள். மருந்துக் கவுன்டரில் அன்றைய தேதிச் சீட்டுக்குத்தான் மாத்திரை கிடைக்கும், அதனால் கூட வந்தவரை முன்கூட்டியே அந்த வரிசையில் நிறுத்திவிடலாம். கடைசியாக, டாக்டர் அடுத்த தேதியை எழுதியதும் போனில் காலண்டரைத் திறந்து பாருங்கள். "ரெண்டு வாரம் கழிச்சு" என்று பழக்கத்தில் எழுதுவார், அது பொங்கலிலோ ஆயுத பூஜையிலோ போய் விழும். அரசு விடுமுறையில் ஸ்பெஷாலிட்டி ஓபி இருக்காது, மறுநாள் போனால் அது வேறு யூனிட். "சார், அன்னிக்கு லீவு, முந்தின வாரமே வரட்டுமா?" என்று அறைக்குள் இருக்கும்போதே கேட்டால் தேதியை அடித்து மாற்றி எழுதிக் கொடுத்துவிடுவார்.