தென்னந்தோப்புக்கு வந்த பழைய சின்ன டிராக்டர்: ஐந்து மாத வேலைக் குறிப்பு

ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மரத்துக்கு மரம் 25 அடி. நடுவில் அப்பா வைத்த கோகோவும் ஜாதிக்காயும் நன்றாகப் படர்ந்துவிட்டதால், வாடகைக்கு வரும் பெரிய டிராக்டர் உள்ளே புகுந்தால் கிளை ஒடியாமல் வெளியே வராது. அதனால்தான் நாலடி அகலமுள்ள, 18.5 குதிரைத்திறன் கொண்ட, மூன்று சிலிண்டர் சின்ன டிராக்டர் ஒன்றைக் கடந்த பொங்கலுக்கு முன்பு வாங்கினேன். 2013 மாடல், நான்கு சக்கர இழுவை, விலை 1,70,000 ரூபாய். வங்கிக் கடன் பதிவு ஆர்.சி. புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வண்டிக்கு மூன்று நோய்கள் இருந்தன. காலையில் சீக்கிரம் கிளம்பாது. கிளம்பினாலும் வெள்ளைப் புகை. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டினால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மறுபடி இழுக்கும். தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டர் தானாகக் கீழே இறங்கிவிடும்.

பட்டறையில் காட்டினேன். "எஞ்சின் வேலை இருக்கிறது தம்பி. போர் எடுத்து பிஸ்டன் மாற்றிவிடுங்கள்" என்றார் மெக்கானிக். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட 45,000 ரூபாய் ஆகும் என்றார். இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எஞ்சினுக்குள் போகிற காற்று, டீசல், தண்ணீர், ஆயில் ஆகிய நான்கும் சரியாகும் வரை எஞ்சினைப் பிரிக்கப் போவதில்லை. நான் மெக்கானிக் இல்லை. பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் என் கையில்.

ஜனவரி 19

முதல் நாள் முழுவதும் கழுவினேன். மண்ணெண்ணெய், பழைய பெயின்ட் பிரஷ், சுரண்டுவதற்கு மூங்கில் சீவல். எங்கள் பக்கம் காற்றிலேயே தென்னை நார்த்தூள் இருக்கும். ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே அது அட்டை போலப் படிந்திருந்தது. முன்பக்கமிருந்து தண்ணீர் அடித்தால் தூள் இன்னும் உள்ளேதான் போகும். ஃபேன் பக்கமிருந்து வெளியே தள்ளுமாறு, மெதுவான அழுத்தத்தில் அடித்தேன். வேகமாக அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். வெளியே வந்த தூள் அரை பக்கெட்.

கழுவியதில் இன்னொரு பலனும் கிடைத்தது. அழுக்குக்குக் கீழே பதினோரு கிரீஸ் நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் வாய்கள்) தென்பட்டன. அவற்றில் மூன்றின் மேல் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. விற்பதற்காக வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அவற்றைக் கவனிக்கவேயில்லை. அந்த இடங்களுக்கு கிரீஸ் போய் எவ்வளவு காலமாயிற்றோ என்று நினைத்தபோது மனம் வலித்தது.

பிப்ரவரி 2

காற்று. ஃபில்டர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மோட்டார் ரூமின் கதவைச் சாத்திவிட்டு, ஃபில்டருக்குள் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை வைத்து மகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மெதுவாகச் சுற்றியவள், "அப்பா, இங்கே ஒரு நட்சத்திரம் தெரிகிறது" என்றாள். மடிப்பின் ஓரத்தில் ஊசிமுனை அளவு கிழிசல். யாரோ கம்ப்ரஸர் காற்றை மிக நெருக்கத்தில் வைத்து அடித்திருக்கிறார்கள். அந்த நட்சத்திரத்தின் வழியாகப் புழுதி சிலிண்டருக்குள் போயிருக்கும். புது ஃபில்டர் 480 ரூபாய்.

அப்படியானால் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்குமோ என்று பயம் வந்துவிட்டது. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜை அன்றே இரவல் வாங்கி, கிளப்புவதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் துளைகளில் பொருத்திப் பார்த்தேன். சதுர சென்டிமீட்டருக்கு 27, 26, 27 கிலோ. கையேட்டில் உள்ள கீழ் வரம்புக்கு மேலேதான் மூன்றும் இருந்தன. அதைவிட முக்கியம், மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்ததுதான். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். லேசான ஆவி வந்ததே தவிர, புகை தள்ளவில்லை. எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை என்று தெரிந்ததும், அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 16, 23

டீசலுக்கு மட்டும் இரண்டு ஞாயிறு ஆயிற்று. வண்டியின் உயிரே அங்கேதான் அடைபட்டிருந்தது.

பத்து நிமிடம் ஓடி மூச்சு வாங்கும், சற்று ஓய்ந்தால் சரியாகும் என்றால் டாங்கில் ஏதோ மிதக்கிறது என்று பொருள். ஓடும்போது டீசலோடு இழுபட்டு வாயை அடைக்கும், நிறுத்தினால் விலகிவிடும். டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடியில் தண்ணீர், அதன்மேல் கறுப்பாக, தொட்டால் வழுக்கும் பாசி. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். வண்டி மாதக்கணக்கில் அரை டாங்கோடு நின்றிருக்கிறது. டாங்குக்குள் ஈரம் வியர்த்து இறங்கியிருக்கிறது. டாங்க் மூடியின் காற்றுத் துளையையும் சேறு அடைத்திருந்தது. உள்ளே காற்று போகாவிட்டால் டீசல் எப்படி வெளியே வரும்? ஒரு கோணி ஊசியால் ஒரு நிமிட வேலை.

டாங்க் சுத்தமானது, ஃபில்டர் மாற்றியது, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றியது (ஏர் எடுத்தது) எல்லாம் முடிந்தும் எஞ்சினின் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கோ காற்று இழுக்கிறது, ஆனால் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இதுதான் சிக்கல். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும்.

இரண்டாவது ஞாயிறு, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாயைத் தற்காலிகமாக இணைத்தேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்தான், 20 ரூபாய். எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் டீசலுக்குள் கடுகு கடுகாகக் குமிழ்கள் வரிசை கட்டி ஓடின. எத்தனையோ நாள் தேடிய திருடனைப் பார்த்துவிட்டது போலிருந்தது. கிளாம்புகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்தேன். டாங்குக் குழாயின் கிளாம்பை அசைத்தபோது குமிழ்கள் கொத்தாக வந்தன. கழற்றிப் பார்த்தால் ரப்பர் குழாயின் உள்பக்கம், கிளாம்பு கடித்த இடத்தில் முடி போல ஒரு விரிசல். வெளியே எதுவும் தெரியவில்லை. குழாயை மாற்றினேன். ஃபில்டர் தலையிலிருந்த செப்பு வாஷர்களைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தேன். இறுகிப்போன செம்பு இளகிவிடும். பிறகு குமிழ் ஒன்றும் இல்லை. எஞ்சின் ஒரே சுருதியில் நின்றது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உயர் அழுத்த பம்பிலிருந்து, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயில் கசிவு தேடும்போது கையை அருகே கொண்டுபோகாதீர்கள். நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்கும் நிலை வரலாம். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள், அட்டை நனையும்.

மார்ச் 9

ரேடியேட்டரில் வெறும் போர்வெல் தண்ணீர்; துரு கலந்து செங்கல் நிறம். எங்கள் ஊர்த் தண்ணீரில் சோறு வடித்தாலே பாத்திரத்தில் உப்புப் படியும். நான்கு முறை அலசினேன். பிறகு, எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வான தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு எஞ்சின் சூடானபோது, அடைப்பை எடுப்பதற்குப் பதிலாக இதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். பலரும் இதை ஒரு வைத்தியமாகவே செய்கிறார்கள். எனக்கு இது பெரும் தவறாகப்படுகிறது. டீசல் எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலேயே ஓடினால் டீசல் முழுதாக எரியாது, வெள்ளைப் புகை நிற்காது, சிலிண்டரும் சீக்கிரம் தேயும்.

புதிய தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருந்தது. பொருத்துவதற்கு முன் அம்மாவிடம் ஒரு பழைய பாத்திரம் வாங்கி, அடுப்பில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பள்ளிக்கூட வெப்பமானி பக்கத்தில். 80 வரை அசையவில்லை. 82-ஐத் தாண்டியதும் வால்வு நகக்கண் அளவு விலகியது. 94-இல் முழுதாகத் திறந்தது. "இந்தப் பாத்திரத்தை இனி சமையல்கட்டுக்குள் கொண்டுவராதே" என்றார் அம்மா. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து ஊற்றினேன்.

மார்ச் 23

காலை நேரத்துப் புகைக்கு மீதிக் காரணம் ஹீட்டர் பிளக். இணைப்புப் பட்டையைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சோதனை விளக்கு வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொட்டேன். முதலும் மூன்றாவதும் விளக்கை எரித்தன. நடுவிலிருந்தது எரிக்கவில்லை. ஒன்றுதான் போயிருந்தது, மூன்றையும் மாற்றிவிட்டேன்.

பிளக்குகள் வெளியே இருந்ததால் கம்ப்ரஷன் தடை இல்லாமல் எஞ்சினைக் கையால் திருப்ப முடிந்தது. அதே கையோடு டாப்பெட்டும் (வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் உள்ள இடைவெளி) பார்த்தேன். மூன்று சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் என்பதால் எஞ்சின் தண்டு 240 டிகிரி திரும்பினால் ஒரு வெடிப்பு, சிலிண்டர் வரிசை 1-3-2. குளிர்ந்த நிலையில் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கச் சொல்கிறது கையேடு. இருந்ததோ ஒன்றில் 0.40, ஒன்றில் 0.15, மற்றவை நடுவில். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உருவும்போது ஈரமான தாள்களுக்கு நடுவிலிருந்து உருவுவது போன்ற பிடிப்பு இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிடுகிறது. அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை கட்டாயம் அளக்க வேண்டும். முதல் வால்வுக்கு இருபது நிமிடம் ஆயிற்று, ஆறாவதுக்கு மூன்று நிமிடம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

ஏப்ரல் 6, 13

அடுத்தது மூன்றாவது நோய், ரோட்டவேட்டர் தானாக இறங்குவது. இந்த வகைச் சின்ன டிராக்டரில் கியர் பெட்டியிலுள்ள ஆயிலேதான் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும். வடித்தபோது 13 லிட்டரும் பால் கலந்த டீ நிறத்தில் இறங்கியது, தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் கம்பியின் அடியிலிருந்த ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் அந்த வழியாகவே இறங்கியிருக்கிறது. உறையின் விலை 150 ரூபாய். ஆயிலின் விலையோ நாலாயிரத்துக்கு மேல்.

லிஃப்ட் மூடியைத் தூக்க மோட்டார் ரூம் உத்திரத்தில் செயின் பிளாக் கட்டினோம். பக்கத்துத் தோட்டத்து மாமா துணைக்கு வந்தார். லிஃப்ட் பிஸ்டனை வெளியே எடுத்தால், அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ ரிங் தன் உருவத்தையே இழந்திருந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய விளிம்பு தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல 'டக்' என்றது. "இந்த வளையத்துக்காகவா இவ்வளவு கனத்தைத் தூக்கினோம்?" என்றார் மாமா. ஆமாம், அதற்காகத்தான். புது ஓ ரிங்கை ஆயிலில் நனைத்து, முறுக்கிக்கொள்ளாமல் ஏற்றினேன். உறிஞ்சு வலையைக் கழுவினேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய மாவு போன்ற இரும்புத்தூள் மட்டுமே இருந்தது, சில்லு எதுவும் இல்லை என்பதில் மகிழ்ச்சி. ஒரு முறை ஆயில் ஊற்றி, ஒரு மணி நேரம் ஓட்டி வடித்துவிட்டு, மறுபடி புது ஆயில்.

முன்பு எஞ்சினை நிறுத்தினால் நான்கே நிமிடத்தில் ரோட்டவேட்டர் தரையில் உட்கார்ந்துவிடும். வேலை முடிந்த அன்று மாலை தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் கட்டைகளைப் பாதுகாப்புக்கு அடுக்கிவிட்டுப் போனேன். காலையில் இரண்டு விரற்கடைதான் இறங்கியிருந்தது. கருவியை மூன்று புள்ளிகளில் மாட்டி ஹைட்ராலிக்கால் தூக்கும் இந்த ஏற்பாடு அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசனின் உழைப்பு. ஃபோர்டுடன் சேர்ந்து 1939-இல் வெளியிட்ட டிராக்டரோடு பரவியது. எங்கள் தோப்பில் நிற்கும் வண்டியும் அதே மூன்று புள்ளிகளில்தான் ரோட்டவேட்டரைத் தூக்குகிறது.

ஏப்ரல் 27

முன் அச்சின் வலது ஆயில் சீல், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். சீலைச் சுற்றித் தென்னை நார் கயிறு போல முறுக்கி இறுகியிருந்தது. அதுதான் ரப்பரை அறுத்திருக்கிறது. இனி வேலை முடிந்த அன்றே கொக்கிக் கம்பியால் நாரை எடுத்துவிட வேண்டும்.

மே மாதம் கிளட்ச் பெடலின் தளர்வு, பிரேக் இரண்டும் ஒன்றுபோல் பிடிக்கிறதா என்பது, பேட்டரி முனைகள், எஞ்சின் ஆயில், ஃபேன் பெல்ட். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் சக்தியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டுக்கு மட்டும் புது பிளாஸ்டிக் உறை வாங்கினேன். நிமிடத்துக்கு 540 முறை சுற்றும் தண்டு அது. வேட்டி நுனி சிக்கினால் ஆளையே சுருட்டிவிடும்.

ஜூன் 1

தென்மேற்குப் பருவமழைக்கு முன் உழுதாக வேண்டும். மூன்று மணி நேரம் விடாமல் ரோட்டவேட்டர் ஓட்டினேன். பத்தாவது நிமிடம் வந்தபோது கை தானாக ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வண்டி தன் பாட்டுக்குப் போனது. வாங்கிய புதிதில் மணிக்கு 2.9 லிட்டர் டீசல் குடித்தது, இன்று 2.3. கோகோவில் ஒரு கிளைகூட ஒடியவில்லை.

இதுவரை செலவு, இரண்டு முறை ஊற்றிய ஆயிலோடு சேர்த்து, 21,600 ரூபாய். பட்டறைக்குப் போய் வண்டியைக் காட்டினேன். மெக்கானிக் அண்ணன் புகைக்குழாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். வெடிப்பு சீராக இருக்கிறதா என்று அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். "டாப்பெட் யார் வைத்தது?" என்று கேட்டார். நான்தான் என்றதும் தலையசைத்துவிட்டு, ரோட்டவேட்டரின் பக்கம் குனிந்தார். செயின் பெட்டியின் அடியில் புதிதாக ஆயில் ஈரம் இருப்பதைக் காட்டினார். நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அதைத் திறக்கிறேன். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.